சாத்தி வைத்த ஈரம்

என் வயசுக்காரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் கையில் உள்ள போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவார்கள். வெள்ளம் வந்து வடிந்த வீட்டின் வாடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஊறின சாக்கும் கழுவாமல் மூடி வைத்த கஞ்சிப் பானையும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. ஒருமுறை மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது.

இந்த ஐப்பசியில் கோச்சடையில் என் மகன் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்வீட்டில் முழங்கால் அளவுக்கு ஒரு நாள் முழுக்க நின்றது. மோட்டார் வைத்து இறைத்தார்கள், தரையைக் கழுவினார்கள், மூன்றாம் நாளே மகன் காளவாசலுக்குப் போய் ஒரு பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். என் பேத்தி தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளையும் தாயும் வருவதற்குள் கீழறையைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்பது அவன் நினைப்பு.

"புட்டி வச்சு ரெண்டு கோட்டிங் அடிச்சா தண்ணி வந்ததே தெரியாதும்மா" என்றான்.

"தெரியாதுதான்" என்றேன்.

கம்பை ஊன்றிக்கொண்டு போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பார்வைக்குக் காய்ந்த சுவர்தான். ஆனால் கைக்குள் ஒரு குளிர்ச்சி ஏறியது. தவளையின் முதுகைத் தொட்டது போல. அந்தக் குளிர்ச்சி எனக்குப் பழக்கமானது. அதைத் தொட்டு அறுபது வருசத்துக்கு மேலே ஆகிவிட்டது, ஆனாலும் கை மறக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆரப்பாளையத்துக்குப் பின்னால், ஆற்றுக்கும் ஒரு வாய்க்காலுக்கும் நடுவே பள்ளத்தில் எங்கள் வீடு இருந்தது. இப்போது அந்த இடத்தில் லாட்ஜுகளும் பஸ் சத்தமும்தான். எங்கள் ஆட்கள் அப்பாவின் தகப்பனார் காலம் வரைக்கும் பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்றவர்கள். வரப்போரத்தில் ஓலைச் சரிவு போட்டுக் குடியிருந்தவர்கள். அப்பாதான் டவுனுக்கு வந்து மில்லில் சேர்ந்தார். லீவு நாளெல்லாம் தானே செங்கல் சுமந்து, தானே மண் குழைத்து, இரண்டு அறை வைத்து ஓட்டு வீடு கட்டினார். எங்கள் சொந்தத்தில் கதவு வைத்த வீடு அதுதான் முதல். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பெருமைதான்.

உள்ளறைச் சுவருக்கு அப்பா சுண்ணாம்புக் காரை பூசி, ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்தேய் என்று தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தார். வெயில் நேரத்தில் கன்னத்தை ஒட்டிவைத்தால் சில்லென்று இருக்கும். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கொடுப்பது.

அந்த வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை தாலி அறுத்தவள். வெள்ளைச் சேலையும் இடுப்பில் ஒரு சுருக்குப் பையுமாக இருப்பாள். வீடு அப்பா கட்டியது என்றாலும் சாவி அத்தையுடையது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அம்மாவுக்கு அது நிறைமாதம். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போய், மூன்றாவதாக வயிற்றில் இருந்தது. அதனால் எல்லோருக்கும் அந்தப் பிள்ளை மேல்தான் கண். அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழையில் வைகை வந்துவிட்டது. வருசம் பூராவும் மணலாய்க் கிடக்கிற ஆறு, வந்தால் கேட்டுக்கொண்டா வரும்? நாங்கள் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மேட்டுத் தெருவில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போனோம். இரண்டு நாள் அங்கேதான். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா அம்மாவுக்குத் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் படுத்துக்கொண்டார். மாடியில் இருந்து பார்த்தால் மற்ற வீடுகளின் மறைவில் எங்கள் வீட்டு ஓடு மட்டும் தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பீடி கூடப் பற்றவைக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் திரும்பி வந்தோம். சுவர் நின்றது. அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பக்கத்தில் மண்சுவர் வீடுகள் கரைந்து உட்கார்ந்திருந்தன. "பாத்தியாக்கா, எஞ்சுவரு அசையல" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். உள்ளறைச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு ஒன்று நேராக ஓடியது. அதை ஈரத்துணியால் துடைத்தார். வண்டலை வாரித் தெருவில் கொட்டினோம். அதோடு வெள்ளம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

டிரங்குப் பெட்டிக்குள் அம்மாவின் கூறைப்புடவை இருந்தது. அரக்குச் சிவப்பு. அதிலும் தண்ணீர் புகுந்திருந்தது. வெளியே தூறல் விடாமல் போட்டதால் அத்தை அதை அரைகுறையாக உதறி, கொடியில் ஒரு பொழுது போட்டு, மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை அதே ஈரச் சுவரை ஒட்டித் தள்ளினாள். கண்ணாடி போட்ட கல்யாணப் போட்டோ ஒன்றும் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. அப்பா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் நீர் புகுந்து ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் ஒரு பழுப்புப் பூ பூத்தது. நாளுக்கு நாள் அது உள்ளே நகர்ந்து வந்தது. அத்தை ஒருநாள் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்து ஈரத்துணியால் படத்தைத் துடைத்தாள். பழுப்போடு அம்மாவின் முகமும் துணியில் வந்துவிட்டது. அப்பாவின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. போட்டோவை அப்படியே திரும்பவும் ஆணியில் மாட்டினார்கள்.

திரும்பி வந்த எட்டாம் நாள் அந்த உள்ளறையில் தம்பி பிறந்தான். நல்ல கனமான பிள்ளை. அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது என்று மருத்துவச்சி சொன்னாள்.

அத்தை உடனே வேலையில் இறங்கினாள். சன்னலுக்குச் சாக்கை மடித்து ஆணி அடித்தாள். கதவிடுக்கில் கந்தலைத் திணித்தாள். மூலையில் நெருப்புச் சட்டி வைத்தாள். பச்சை உடம்புக்காரிக்கும் பச்சைப் பிள்ளைக்கும் காற்றுப் படக்கூடாது, முப்பது நாளைக்குத் தீட்டு, அதுவரை கதவு சாத்தியே இருக்க வேண்டும். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் அப்போதுதான் ஆற்றைக் குடித்திருந்தது. உள்ளே நெருப்புச் சூடு ஏற ஏறச் சுவர் வேர்த்தது. மேலே ஓட்டுச் சட்டத்தில் இருந்து சொட்டுச் சொட்டாக விழும். கதவுக்குள் நுழைந்தால் இட்லிக் கொப்பரைக்குள் தலையை விட்டாற்போல இருக்கும். தண்ணீர் நின்றது என் நெஞ்சளவுதான். ஈரமோ அதையும் தாண்டி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, நிலைக்கதவின் தலை வரைக்கும் ஏறியது.

என்னை அத்தை வாசலில் உட்காரவைத்தாள்.

"நீதான்டி காவலு. எவ வந்தாலும் கதவத் தொறக்கப்படாது. காத்து உள்ள போச்சுன்னா ஒந்தம்பி போச்சு. வெளங்குதா?"

விளங்கியது. எனக்கு அது பெரிய உத்தியோகமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போக வேண்டாம் என்றார்கள். கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, வருகிற பெண்டுகளை எல்லாம் "அத்தையக் கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். அந்த வருசம் விட்ட படிப்புதான். அப்புறம் போகவேயில்லை.

டீச்சரம்மா ஒருநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை இருந்ததால் உள்ளே விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். டீச்சரம்மா பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கைச் சுளித்தார். போய்ச் சுவரைத் தொட்டார். தொட்ட விரலை முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் காரைய ஒரு ஆள் ஒசரத்துக்காவது கொத்தி எடுத்துரச் சொல்லுங்க. வெளிய வழவழன்னு இருக்கு, உள்ள மண்ணு ஊறிக் கெடக்கு. அது மூச்சு விட வழியில்ல. அதுவரைக்கும் தாயும் புள்ளையும் எங்க மாடி ரூம்ல இருக்கட்டும். வெயிலும் காத்தும் நல்லா வரும்."

"வெளிய தூக்கிட்டுப் போறதா? தீட்டுக் கழியாமலா?" என்றாள் அத்தை. "ஏம்மா டீச்சரு, நீங்க எத்தன புள்ள பெத்தீக?"

டீச்சரம்மா கல்யாணம் கட்டாதவர்.

"பெக்கலக்கா. அந்த நெருப்புச் சட்டியயாவது வெளிய வச்சுருங்க. சன்னல மதியத்துல ஒரு மணி நேரம் தொறங்க."

அப்பா கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "காரையக் கொத்தவா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு, யாரோ தன் கையை வெட்டச் சொன்னாற்போல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அது காஞ்சுரும் டீச்சரம்மா. வெள்ளத்துக்கே அசையாத சுவரு."

டீச்சரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா பிள்ளையைப் பார்த்தாள். அந்தம்மா போன பிறகு அத்தை, "படிச்சவளுக்கு எல்லாம் தெரியும், புள்ள பெக்க மட்டும் தெரியாது" என்றாள். நான் சிரித்தேன். அத்தையோடு சேர்ந்து சிரித்ததில் எனக்கு ஒரு பெருமை.

தம்பிக்குப் பதினைந்தாம் நாளில் சளி கட்டியது. பிறகு இழுப்பு. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி அந்தக் குட்டி நெஞ்சு போய்ப் போய் வரும். விலாவுக்கு நடுவே குழி விழும். அத்தை வசம்பு சுட்டு உரைத்தாள், ஓமம் வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒற்றினாள், மந்திரிக்க ஆள் கூட்டிவந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் போகப் போக, எங்கேயோ காற்று நுழைகிறது என்று இன்னும் ஒரு சாக்கைப் பிடித்துச் சன்னலில் அடித்தாள்.

அப்படி இருக்கும்போது ஒரு மதியம், அத்தை ஈரத்துணிகளை அலச ஆற்றுக்குப் போயிருந்தாள். அப்பா மில்லில். உள்ளே இருந்து அம்மாவின் குரல்.

"ஆத்தா, கதவக் கொஞ்சம் தொறயேன். எனக்கே மூச்சு முட்டுது."

"அத்தை வையும்மா."

"கொஞ்ச நேரந்தான். சன்னல் சாக்கையும் ஒரு பக்கம் தூக்கிவிடு. ஒங்கத்தை வாரதுக்குள்ள சாத்திருவோம்."

திறந்தேன். சாக்கின் கீழ்முனையை ஆணியில் இருந்து பிடுங்கிச் சுருட்டிவிட்டேன். ஆற்றுப் பக்கத்துக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. வெயில் ஒரு பாய் அளவுக்குத் தரையில் விழுந்தது. அப்போதுதான் அந்த வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தேன். அப்பா தேய்த்த வழவழப்புச் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. கட்டில் மறைவில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், எள்ளை அள்ளி இறைத்தாற்போல. சில இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிப் பச்சையும் கறுப்புமாகப் பூனை மயிர் போல் முளைத்திருந்தன. பிள்ளையின் தலைமாட்டுக்கு நேர் மேலேயும் அதுதான்.

"ஆத்தி, என்னடி இது" என்றாள் அம்மா.

ஆனால் தம்பி. அதைத்தான் சொல்ல வந்தேன். தம்பியின் நெஞ்சு அடங்கியது. துருத்தி மெதுவாக நின்று, சாதாரணமாக, எல்லாப் பிள்ளையும் போல மூச்சு விட்டான். பால் குடித்தான். குடித்துக்கொண்டே தூங்கினான். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். போட்டோவில் அழிந்துபோன முகம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம். சாத்த மறந்துவிட்டோம்.

அத்தை ஈரத்துணிக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"யாருடி கதவத் தொறந்தது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "நான்தான் மதினி தொறக்கச் சொன்னேன்" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அத்தை முறுக்கிப் பிழிந்த சேலையாலேயே அடித்தாள். ஈரச்சேலை அடி எப்படி வலிக்கும் என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். பிறகு சாக்கை இழுத்து நாலு பக்கமும் ஆணி அடித்தாள். அன்று சாயங்காலம் தம்பிக்கு உடம்பு சுட்டது. அது முன்பே இரண்டு நாளாய் இருந்த சூடுதான். ஆனால் கணக்கு என் பேரில் எழுதப்பட்டது.

அதற்கப்புறம் இன்னொரு நாளும் அம்மா கேட்டாள். "ஆத்தா, ஒரே ஒரு தடவ" என்றாள். நான் கதவில் முதுகை இன்னும் அழுத்தி ஒட்டிக்கொண்டு, "மாட்டேன், போ" என்றேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டில் கட்ட அம்மா வீட்டு ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணில் சுவர் இப்படிப் படலாமா? அப்பா லீவு போட்டார். சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, கொஞ்சம் நீலம் கலந்து, கறுப்பின் மேலேயே இரண்டு பூச்சுப் பூசினார். தாயையும் பிள்ளையையும் ஒரு காலைப்பொழுது முன்னறையில் போட்டுவிட்டு, பூச்சு ஈரம் காய்வதற்குள் திரும்பவும் உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். மாமன்மார் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "மாப்ள, வெள்ளம் வந்த வீடு மாதிரியா இருக்கு" என்றார்கள். அப்பா பூரித்துப்போனார். தொட்டில் ஆடியது. கூறைப்புடவையை உடுத்தப் பெட்டியைத் திறந்தார்கள். மடிப்புக்கு மடிப்புக் கறுப்பு விழுந்து, தொட்ட இடத்தில் பொடிந்தது. அம்மா வேறொரு நூல்சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் சுண்ணாம்பு அப்பளம் போல் உப்பியது. உப்பிய இடத்தில் வெடித்து உள்ளே இருந்த கறுப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. எட்டாம் நாள் காலையில், அப்பா மில்லுக்குக் கிளம்புகிற நேரம், அம்மா ஒரு சத்தம் போட்டாள்.

அப்பா ஒரு துண்டில் தம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்து சொன்னாள்: "கல்லு மாதிரி இருந்த புள்ளைய, கதவத் தொறந்து காத்துக்குக் குடுத்துட்டாளே."

யார் என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நான் கதவைத் திறந்தவள். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில், சித்தி வீட்டுக் காதுகுத்தில், எங்கே போனாலும் யாராவது ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொல்வாள். எனக்கே தலைப்பிள்ளை பிறந்தபோது அத்தை மருத்துவச்சியிடம், "இவளக் கதவுப் பக்கம் விட்டுறாதீக" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் அதை நம்பினேன். என் பிள்ளைகளைச் சாத்தின அறையில்தான் வளர்த்தேன். ஒன்றுக்கு மூச்சு வாங்கியபோது, என் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று அழுதேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி போன பிறகு வந்த சித்திரையில், ஊரே அனல் காற்றில் வெந்துகொண்டிருந்தபோது, உள்ளறைக் காரை ஒரு பாளம் தானாகவே பெயர்ந்து விழுந்தது. அப்பா போய்ப் பார்த்தார். உளியும் சுத்தியலும் எடுத்துவந்து, வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு, மீதியைக் கொத்த ஆரம்பித்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காரைக்குப் பின்னால் செங்கலுக்கு நடுவில் இருந்த மண், ஐப்பசியில் குடித்த தண்ணீரை இன்னும் வைத்திருந்தது. அப்பா ஒரு கை எடுத்துப் பிசைந்தார். விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. சித்திரை மாசத்தில். காரையின் உள்முகம் முழுக்கக் கறுப்பு. வெளியில் நாங்கள் பார்த்த எள்ளெல்லாம் அதன் நுனிதான்.

அப்பா அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீ போ ஆத்தா. போயி வெளையாடு" என்றார்.

அந்த வாரம் முழுக்க மூன்று பக்கமும் காரையைக் கொத்தி எறிந்தார். எதிர்ச் சுவரில் கல்லைப் பெயர்த்து இன்னொரு சன்னல் வைத்தார். "இது எதுக்குத் தம்பி?" என்று அத்தை கேட்டதற்கு, "காத்து வரட்டும்க்கா" என்றார். அவ்வளவுதான். அத்தை ஒரு நிமிசம் அவரைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அது அவர் தேய்த்த சுவரையும் அவர் அக்காவையும் சேர்த்துக் குற்றம் சொல்லும். நான் ஒன்பது வயசுக்காரி, தாங்கிக்கொள்வேன் என்று விட்டுவிட்டார்.

அம்மா அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் எந்த மாதத்திலும், எந்தக் குளிரிலும், கதவைச் சாத்திப் படுக்கவில்லை. அதுதான் அவள் எனக்குச் சொன்ன பதில். வாயால் சொன்னதில்லை.

அத்தையின் கதையை அம்மாதான் பின்னாளில் ஒருமுறை சொன்னாள். அத்தைக்கும் ஒரு பிள்ளை பிறந்ததாம். வரப்போரத்து ஓலைச் சரிவில், மார்கழியில். கதவு என்று ஒன்று கிடையாது. வாடைக்காற்று நேராக வந்து அடிக்கும். மடியில் வைத்திருக்கும்போதே பிள்ளை சில்லிட்டுப் போயிற்றாம். "கதவு இருக்குற வீட்டுல புள்ள பெக்குற மொதப் பொம்பள நம்ம சாதிசனத்துல நீதான்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கும்டி" என்றாள் அம்மா. அதைக் கேட்டதும் அத்தை மேல் இருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதி அப்படியே இருக்கிறது. நான் பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் சுவர்தான் தம்பியைக் கொன்றது என்று சத்தியம் பண்ண நான் வைத்தியர் இல்லை. குளிர்ச்சியோ, நெருப்புச் சட்டிப் புகையோ, வேறு நோயோ. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். காற்று அவனைக் கொல்லவில்லை. காற்று வந்த அந்த ஒரு மணி நேரம் அவன் நன்றாக மூச்சு விட்டான். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதனால்தான் கோச்சடையில் மகன் கூட்டிவந்த பெயின்டரிடம், "புட்டி டப்பாவ மூடு தம்பி" என்றேன்.

"சுவரு காஞ்சிருச்சு ஆத்தா. ரெண்டு நாளா ஃபேன் ஓடுதுல்ல" என்றான்.

"காஞ்சிருந்தா உன்ன ஏன் வேலைய நிப்பாட்டச் சொல்றேன்? ஒரு பாலித்தீன் பையக் கிழிச்சு, நாலு பக்கமும் டேப்பு வச்சு, காத்துப் போகாம சுவத்துல ஒட்டு. நாளைக்கு வா."

இந்த வீடு கட்டிய கொத்தனார் எப்போதோ சொன்னது அது. மறுநாள் வந்து பார்த்தான். பையின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பெயின்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாத்தா" என்றான். கீழறையின் பூச்சை ஈரம் ஏறிய உயரத்துக்கும் மேலே ஒரு சாண் கூட்டிக் கொத்தச் சொன்னேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொத்தினார்கள். பீரோவை, கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்திச் செங்கல் மேல் ஏற்றச் சொன்னேன். ஊறின மெத்தையையும் பலகை அலமாரியையும் வெளியே போடச் சொன்னபோது மருமகள் முகம் சுருங்கியது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, வெயிலடிக்கிற நாளெல்லாம் ஃபேனைப் போட்டேன். மூன்று முறை பை ஒட்டிப் பார்த்தேன். தை பிறந்த பிறகுதான் அது வேர்க்காமல் இருந்தது. அதுவரை அறை தோல் உரித்த ஆடு மாதிரி நின்றது. வந்தவர்கள் எல்லாம் என்னைப் பற்றி மகனிடம் என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியும். இருக்கட்டும்.

பேத்தியையும் பிள்ளையையும் மாடியறையில் வைத்தோம். அங்கே தண்ணீர் ஏறவில்லை. ஆனால் மழை விடவில்லை. மருமகள் சன்னல்களை எல்லாம் சாத்தி, பிள்ளைத் துணிகளை அந்த அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தாள். எனக்கு முழங்கால் மடங்காது, மாடி ஏறுவது கிடையாது. ஒரு மதியம், மருமகள் கீழே குளித்துக்கொண்டிருந்தபோது, படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் போனேன். கதவைத் தள்ளியதும் அந்த வாடை. லேசாகத்தான். என் மூக்குக்கு அது போதும். பீரோவுக்குப் பின்னால் மூலையில் எட்டிப் பார்த்தேன். எள்ளுப் போல நாலைந்து புள்ளி.

பேத்தி வேர்த்துப்போய்ப் படுத்திருந்தாள். "அப்பத்தா, மூச்சு முட்டுது அப்பத்தா. அம்மா தொறக்க விட மாட்டேங்குது. அந்தச் சன்னலத் தொறந்து விடேன்."

பிள்ளைக்கு நேராகச் சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்துச் சன்னலின் ஒரு கதவைத் திறந்தேன். அறைக்கதவை அகலத் தள்ளினேன். ஈரத்துணிகளைக் கொடியில் இருந்து உருவிக் கூடையில் போட்டேன். ஆற்றுப் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது. பிள்ளை ஒருமுறை முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது.

படியில் மருமகளின் கால் சத்தம். தலையில் துண்டு சுற்றியபடி வாசலில் வந்து நின்றாள்.

"யாரு கதவத் தொறந்தது?"

நான் நிமிர்ந்து நின்றேன். இந்த வீட்டில் நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்கு முன்னால் பேத்தி கட்டிலில் இருந்து எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "நான்தாம்மா தொறக்கச் சொன்னேன். அப்பத்தாவ ஒண்ணும் சொல்லாத."

மருமகள் என்னைப் பார்த்தாள். "என்னத்தே, என்ன செய்யிது? ஏன் இப்புடி நிக்கிறீக?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன். சன்னலின் மறு கதவையும் தள்ளித் திறந்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.